சமூகம் மாறும்போது கத்தோலிக்கத் திருச்சபையும் மாறுகிறதா? உழைப்பு, கூலி, வறுமை பற்றிய அதன் சமூகப் போதனையால் சாதாரண ஆட்களுக்கு என்ன பயன்?

நான் கொழும்பு கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். அப்பா புறக்கோட்டையில் 22 வருடம் நாட்டாமி வேலை, அதாவது மூட்டை சுமக்கும் வேலை செய்தவர். அரிசி, பருப்பு, வெங்காயம் என்று மூட்டைகளோடே போன வாழ்க்கை. ஒரு நாள் அடுக்கிய மூட்டைகள் சரிந்து கணுக்கால் உடைந்தது. முதலாளி கையில் கொஞ்சம் காசு கொடுத்து அனுப்பினார். அன்றோடு கூலியும் நின்றது.

எங்கள் கோவில் பங்கிலிருந்து வின்சென்ட் டி போல் சபையார் உலர் உணவுப் பொதி கொண்டுவந்து தந்தார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அடுத்த கிழமை இளம் சுவாமி (குருவானவர்) ஒருவர் வந்தார். அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு, "ஐயா, எத்தனை வருசமா அங்க வேலை செய்றீங்க? ஈபிஎஃப் கட்டினாங்களா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் கந்தோர் ஆக்களுக்குத்தானே சுவாமி. நான் நாட்கூலி."

நாட்கூலிக்காரருக்கும் உண்டு. ஈபிஎஃப் என்பது ஊழியர் சேமலாப நிதி, தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பு. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் அவர்களையும் சேர்த்தே பேசுகிறது. இன்றைய கணக்கில் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். சுவாமி அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தின் படி ஏறினார். சாட்சி சொல்ல மற்ற நாட்டாமிமார் பயந்தார்கள். இரண்டு பேர்தான் வந்தார்கள். கடைசியில் ஆறு வருடத்துக்கான பணம் கிடைத்தது. மீதி 16 வருடம் போனது போனதுதான்.

சமூகப் போதனை என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அந்தச் சுவாமியிடம். 1891 மே 15இல் பாப்பரசர் 13ஆம் லியோ (பழைய ஆட்கள் சிங்கராயர் என்பார்கள்) வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை (திருச்சபைக்கு எழுதும் பொதுக் கடிதம்) பற்றிச் சொன்னார். பசிக்குப் பயந்து ஒருவன் அநியாயக் கூலிக்குத் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது, அவன் அநீதிக்கு ஆளானவன் என்கிறது அந்த மடல். தொழிலாளர் சங்கம் வைக்கும் உரிமையையும் ஏற்றுக்கொள்கிறது. தனிச்சொத்தை ஒழிக்கச் சொன்ன சோசலிசத்தை மறுத்துக்கொண்டேதான் இதையும் சொல்கிறது. பொதி கொடுப்பது இரக்கம், கூலி கொடுப்பது நீதி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் எங்கள் பங்குகளின் பெரிய குறை என்பது என் எண்ணம்.

மாறுகிறதா என்றால், மாறுகிறது, பெரும்பாலும் பிந்தித்தான். ஐரோப்பாவில் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் தெருவில் நின்ற பிறகே அந்த மடல் வந்தது. 1965இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் காலத்தின் அறிகுறிகளைப் படித்தறிவது திருச்சபையின் கடமை என்றது. 1981இல் பாப்பரசர் 2ஆம் ஜோன் போல் மூலதனத்தைவிட உழைப்புக்கே முதலிடம் என்று எழுதினார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னார். அடித்தளம் மட்டும் அசையவில்லை: மனிதனுக்காகத்தான் உழைப்பு.

இலங்கையிலும் இதை நம்பி இறங்கியவர்கள் உண்டு. கொழும்பில் 1971இல் சமூக, சமய நிலையத்தைத் தொடங்கிய திஸ்ஸ பாலசூரிய அடிகளார், மலையகத் தோட்டத் தொழிலாளருக்காகக் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தை நடத்திய போல் கஸ்பெர்ஸ் அடிகளார். ஆனால் 1960-61இல் அரசு எங்கள் கத்தோலிக்கப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது பெற்றோர் வகுப்பறைகளுக்குள் குடியிருந்தே போராடினார்கள். ஒரு நாட்டாமியின் சேமலாப நிதிக்காக அந்த ஆவேசத்தில் கால்வாசி எழுந்தும் நான் பார்த்ததில்லை. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

2025இல் புதிய பாப்பரசர் 14ஆம் லியோ, செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் இன்னொரு தொழிற்புரட்சியை மனதில் வைத்தே அந்தப் பெயரை எடுத்ததாகச் சொன்னார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் ஒழுங்கைப் பொடியன்கள்தான். மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். முதலாளி என்று ஒருவரும் இல்லை, ஃபோனில் ஒரு செயலி மட்டும். விழுந்து கால் உடைந்தால் எந்தத் திணைக்களத்தின் படி ஏறுவது?

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போகிறவர்கள் திரும்பும்போது கவனியுங்கள். ஜம்பட்டா வீதியில் ஓடர் வரும்வரை மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறவர்களில் பலர் எங்கள் ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் படித்த பிள்ளைகள். அவர்களில் இரண்டு பேரைப் போன மாதம் எங்கள் பங்குச் சபைக் கூட்டத்துக்குப் பேசக் கூட்டிப்போனேன். சுவாமி குறிப்பெடுத்துக்கொண்டார்.