கேட் கேபினில் உட்கார்ந்து வரையுங்கள்

கேள்வி: மணலியில் ஒரு காலி கன்டெய்னர் யார்டுக்கு சாப்ட்வேர் செய்கிறோம். தேவைகளை 60 பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இப்போது ஸ்கிரீனைக் காட்டினால், "நான் கேட்டது இது இல்லையே" என்கிறார். டயக்ரம் போட்டுக் கொடு என்கிறார் டீம் லீடர். யூஎம்எல்லில் (சாப்ட்வேர் படங்களை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறை) 14 வகை இருக்கிறதே, எதைப் போடுவது ஐயா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பதினாலும் வேண்டாம் தம்பி. ஆரம்பிக்க இரண்டு போதும்.

முதலில் ஒரு தாளின் நடுவில் உங்கள் சாப்ட்வேரை ஒரு கட்டமாகப் போடுங்கள். சுற்றிலும் கேட் கிளார்க், சர்வேயர் (பெட்டியில் சேதம் உண்டா என்று பார்ப்பவர்), ரிப்பேர் பிரிவு, ஷிப்பிங் லைன், அக்கவுன்ட்ஸ். யார் எதைத் தருகிறார், எதை வாங்குகிறார் என்று அம்புகள். பில் போடுவது உங்கள் வேலையா, அக்கவுன்ட்ஸ் வேலையா என்ற சண்டை இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது ஸ்டேட் டயக்ரம். இதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஒரு கன்டெய்னர் யார்டுக்குள் என்னென்ன நிலையில் இருக்கும்? உள்ளே வந்தது, சர்வே ஆனது, ரிப்பேர் செலவு எஸ்டிமேட்டின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது, ரிப்பேரில் இருப்பது, நல்ல நிலை, ரிலீஸ் ஆர்டர் (பெட்டியை வெளியே கொடுக்கச் சொல்லும் உத்தரவு) வந்தது, வெளியே போனது. ஒவ்வொன்றையும் கட்டமாகப் போட்டு, எது நடந்தால், யார் செய்தால் அடுத்த நிலைக்குப் போகும் என்று அம்பின் மேல் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்து, "இங்கிருந்து வேறு எங்கே போகலாம்?" என்று கேளுங்கள்.

எஸ்டிமேட்டை ஷிப்பிங் லைன் ஏற்கவில்லை என்றால் பெட்டி எங்கே போகும்? அதுவரை யார்டு வாடகை யார் தலையில்? ரிலீஸ் ஆர்டரோடு டிரெய்லர் வந்து நிற்கிறது. உள்ளே தரைப்பலகை உடைந்திருப்பதைப் பார்த்து எக்ஸ்போர்ட்டரின் ஆள் வேண்டாம் என்கிறார். அந்தப் பெட்டி மறுபடி சர்வேக்குப் போகுமா? அதே ஆர்டருக்கு வேறு பெட்டி கொடுக்கலாமா? 60 பக்கத்தில் ஒவ்வொரு பத்தியும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருக்கும், அதனால் இந்த ஓட்டை யார் கண்ணிலும் படாது. படத்திலோ, வெளியே போக அம்பில்லாத கட்டம் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இந்த ஸ்டேட் டயக்ரத்துக்கு இன்றைய வடிவம் தந்தவர் கணினி விஞ்ஞானி டேவிட் ஹாரெல். 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேலின் லாவி போர் விமானத் திட்டத்தில் பொறியாளர்களோடு உட்கார்ந்தபோது அவர் கண்டதும் தடித்தடியான ஆவணங்களைத்தான். இந்த நிலையில் இந்த பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்ற எளிய கேள்விக்குக்கூட அவற்றில் பதில் தேடுவது பெரும்பாடாக இருந்தது. அதிலிருந்து பிறந்த ஸ்டேட்சார்ட் பற்றி 1987இல் கட்டுரை வெளியிட்டார். பிறகு யூஎம்எல்லும் அதை எடுத்துக்கொண்டது.

யார் சாப்ட்வேரை எதற்குப் பயன்படுத்துவார் என்று காட்ட, பொம்மை மனிதனும் நீள்வட்டமுமாக வரும் யூஸ் கேஸ் டயக்ரத்தை இப்போதைக்கு விடுங்கள். அது பொருளடக்கம் மாதிரி. விஷயம் அதோடு எழுதும் விவரத்தில்தான் இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஆபீஸில் உட்கார்ந்து தனியாக வரையாதீர்கள். கேட் கேபினுக்குப் போங்கள். வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது மேனேஜருக்குத் தெரியும். ராத்திரியில் எண்ணூர் சாலை வரை டிரெய்லர் வரிசை நிற்கும்போது எப்படி நடக்கிறது என்பது கிளார்க்குக்குத்தான் தெரியும். பென்சிலை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் போட்ட ஒரு அம்பை அடித்துவிட்டு அவரே வேறொன்று போட்டால், மேனேஜர் படிக்காமல் போட்ட கையெழுத்தைவிட அதை நம்பலாம்.

60 பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை நாள் இலவசம், வாடகை எந்த அளவுக்கு எவ்வளவு என்பதெல்லாம் படத்தில் அடங்காது. அவற்றை எண் போட்ட வாக்கியங்களாக, அட்டவணையாக வைத்து, அந்த எண்ணை அம்பின் மேல் குறித்துவிடுங்கள். படத்திலிருந்து வாக்கியத்துக்கும், வாக்கியத்திலிருந்து படத்துக்கும் போய்வர முடியும்.

கேள்வி: வரைவதற்குக் காசு கொடுத்து ஏதாவது டூல் வாங்க வேண்டுமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: வேண்டாம். டிரா.ஐஓ இலவசம். பிளான்ட்யூஎம்எல்லும் இலவசம்தான், அதில் படத்தை எழுத்தாகவே எழுதலாம், அதனால் புரோகிராமோடு சேர்த்து கிட்டில் (Git, மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் சாப்ட்வேர்) வைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரியும். எதில் வரைந்தாலும் மூலையில் தேதியையும் பதிப்பு எண்ணையும் போடுங்கள். புதிய படம் வந்ததும் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய பிரின்டை அன்றே கிழித்துவிடுங்கள்.