புதுக் கோளுக்குப் பெயர் வைப்பது யார்?

வானியல் பக்கத்துக்கு வந்த கேள்விகளில் பெயர் சூட்டல் தொடர்பானவை இந்த இதழில்.

கோளைக் கண்டுபிடித்தவரே தன் விருப்பப்படி பெயர் வைக்க முடியாதா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

முன்மொழியலாம். முடிவு அவர் கையில் இல்லை. 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் யுரேனஸைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல், மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை அதற்குச் சூட்டினார். பிற நாட்டார் இதை ஏற்கவில்லை. வியாழனுக்குத் தந்தை சனி, சனிக்குத் தந்தை யுரேனஸ் என்ற கிரேக்க-ரோமானியப் புராண உறவைக் காட்டி ஜெர்மானியரான யோஹான் போடே சொன்ன பெயர்தான் நிலைத்தது. அப்படியும் பிரிட்டிஷ் கடற்பயணப் பஞ்சாங்கம் 1850 வரை 'ஜார்ஜியன்' என்ற பெயரை விடவில்லை. ஒரே கோளுக்கு நாட்டுக்கொரு பெயர் இருந்தால் அட்டவணைகளை ஒப்பிடவே சிரமம்.

1930இல், அப்போது கோளாகக் கருதப்பட்ட புளூட்டோவுக்குப் பெயர் தேடியபோது மினர்வா, குரோனஸ், புளூட்டோ மூன்றும் இறுதிக்கு வந்தன. மினர்வா என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு சிறுகோள் இருந்தது. புளூட்டோவைச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த 11 வயதுச் சிறுமி வெனிஷியா பர்னி. அந்தக் கோளைத் தேடும் பணியைத் தொடங்கிவைத்த பெர்சிவல் லோவலின் பெயரின் முதலெழுத்துகளும் புளூட்டோவின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒன்றாக அமைந்தது கூடுதல் பொருத்தம். இன்று இறுதி ஒப்புதல் தருவது 1919இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வானியல் ஒன்றியம்.

'51 பெகாசி பி' என்கிறார்கள். 'ஏ' எங்கே போனது?
– மாணவி, நாகர்கோவில்

தாய் விண்மீனோடு குழப்பம் வரக்கூடாது என்று கோள்களுக்கான வரிசையை ஆங்கிலச் சிற்றெழுத்து 'பி'யிலிருந்தே தொடங்குகிறார்கள். 'ஏ' கோளுக்குத் தரப்படுவதில்லை. விண்மீனின் பெயர், ஓர் இடைவெளி, ஒரு சிற்றெழுத்து: புறக்கோளின், அதாவது வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளின், குறியீடு அவ்வளவுதான். சிற்றெழுத்தா பேரெழுத்தா என்பதில் கவனம் வேண்டும். பேரெழுத்துப் போட்டால் அது இரட்டை விண்மீன் அமைப்பில் இருக்கும் துணை விண்மீனைக் குறித்துவிடும்.

எழுத்து கண்டுபிடித்த வரிசையைக் காட்டுமே தவிர, தூரத்தை அல்ல. இதில்தான் பலர் தவறுகிறார்கள். '55 கேன்க்ரி' விண்மீனுக்கு மிக அருகில், சுமார் 18 மணி நேரத்தில் சுற்றிவரும் கோளின் எழுத்து 'இ'. அதே விண்மீனின் வேறு மூன்று கோள்களுக்குப் பிறகு, 2004இல் அது தெரியவந்ததே காரணம். பல கோள்கள் ஒரே அறிவிப்பில் வந்தால் மட்டும் விண்மீனுக்கு அருகிலிருந்து வரிசையாக எழுத்து தருவது வழக்கம்.

1988 டி.க்யூ.1 என்று ஒரு சிறுகோளின் குறியீட்டைப் பார்த்தேன். எப்படிப் படிப்பது?
– வாசகர், வாணியம்பாடி

உங்கள் ஊருக்கு அருகில், காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள் அது. முதலில் வருவது ஆண்டு. அடுத்த எழுத்து அரை மாதத்தைச் சொல்கிறது: ஜனவரி 1 முதல் 15 வரை 'ஏ', 16 முதல் 31 வரை 'பி' என்று போனால், நான்காவது எழுத்தான 'டி' பிப்ரவரியின் பின்பாதி. கண்டுபிடித்த நாள் பிப்ரவரி 17. சரியாக இருக்கிறதா?

அடுத்த எழுத்து அந்த அரை மாதத்துக்குள் வரிசை எண். எண் ஒன்றைப் போலத் தெரிவதால் 'ஐ'யை விட்டுவிடுவார்கள். எனவே ஒரு சுற்றுக்கு 25 எழுத்துகள். 'ஐ'யைத் தவிர்த்து எண்ணினால் 'க்யூ' 16ஆவது. பின்னால் உள்ள 1 என்பது ஒரு சுற்று முடிந்ததைக் காட்டுகிறது. 25 + 16 = 41. அந்த அரை மாதத்தின் 41ஆவது பதிவு.

இது தற்காலிகக் குறியீடு. பல ஆண்டுகள் கவனித்து, பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர எண் கிடைக்கும். இதற்குக் கிடைத்த எண் 4130. எண் வந்த பிறகு கண்டுபிடித்தவருக்குப் பெயர் முன்மொழிய 10 ஆண்டு அவகாசம் உண்டு. 4130 இன்று 'ராமானுஜன்'.

பணம் கட்டினால் விண்மீனுக்கு என் மகள் பெயரை வைத்துச் சான்றிதழ் தருவதாக விளம்பரம் வந்தது. நம்பலாமா?
– வாசகர், சேலம்

வேண்டாம். அந்தச் சான்றிதழில் இருக்கும் பெயரை எந்த வானியலாளரும் பயன்படுத்தமாட்டார். பன்னாட்டு வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. அந்தப் பணத்தில் மகளுக்கு நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

தமிழ்ப் பெயர் ஒன்றைப் புறக்கோளுக்கு முன்மொழிய வழி இருக்கிறதா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

இருக்கிறது, ஆனால் நினைத்த நாளில் அல்ல. ஒன்றியம் போட்டி அறிவிக்கும்போது மட்டும். 2015, 2019, 2022 ஆண்டுகளில் நடந்தது. 2019இல் நாட்டுக்கொரு விண்மீனும் அதன் கோளும் ஒதுக்கப்பட்டன. இந்தியாவுக்கு வந்த எச்.டி. 86081 விண்மீனுக்கு, காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த பிபா சௌத்ரியின் நினைவாக 'பிபா' என்றும், கோளுக்கு 'சந்தமஸ' என்றும் பெயர் அமைந்தது. இலங்கையின் இணை 'சாமய', 'சமகிய'. சமாதானம், ஒற்றுமை என்று பொருள்.

2022இல் தனி ஆள் விண்ணப்பிக்க முடியவில்லை. மாணவர், ஆசிரியர், வானியல் ஆர்வலர் என்று குழுவாகச் சேர வேண்டியிருந்தது. மக்களுக்காக ஒரு வானியல் நிகழ்ச்சி நடத்த வேண்டும், எழுத்து விளக்கமும் காணொளியும் அனுப்ப வேண்டும். நாட்டுக்குழு தேர்ந்தெடுத்ததை ஒன்றியத்தின் குழு இறுதியாகப் பரிசீலித்தது.

அடுத்த அறிவிப்பு வருவதற்குள் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாராக இருக்கட்டும். விண்மீனுக்கும் கோளுக்கும் சேர்த்து இரண்டு பெயர் வேண்டும். இரண்டும் ஒரே கருவில் இணைய வேண்டும். குறிஞ்சி, முல்லை என்று திணைப்பெயர்கள் எளிதில் இணையும். சங்கப் பாடல்களில் சனிக்கு வழங்கிய 'மைம்மீன்' தனியாக அழகுதான்; ஆனால் இருக்கும் கோள் ஒன்றின் பழம்பெயர் என்பதால் அதைத் தவிர்ப்பேன். வாழும் மனிதர், வணிகப் பெயர், அரசியலாலோ மதப் பணியாலோ அறியப்பட்டவர் கூடாது. ராமானுஜனும், வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகரின் நினைவாக 1958ஆம் எண் சிறுகோளுக்கு வைத்த 'சந்திரா'வும் ஏற்கெனவே வானில் இருப்பதால் கிடைக்காது.

நீளம் ரோமன் எழுத்தில் 16க்குள். 'திருவள்ளுவர்' 13 எழுத்தில் அடங்கும். கணியன் பூங்குன்றனார் முழுதாக அடங்காது. 'கணியன்' என்று நிறுத்தினால் 7. 'ழ' வந்தால் இரண்டு எழுத்து செலவாகும், வேற்றுமொழியார் அதை 'ஸ' சாயலில் வாசிப்பார்கள். அதனால் எழுதியனுப்பும் பெயரை முதலில் தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.