தீமோத்தேயுவும் தீத்துவும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

'எல்லாருக்கும் எல்லாமானேன்' என்ற பவுல்தான் 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்' இருக்கவும் சொல்கிறார். எங்கள் சபை இளைஞர்கள் முதல் வசனத்தைக் காட்டி ஆராதனை முறையை மாற்றக் கேட்கிறார்கள். மூத்தவர்கள் இரண்டாவதைக் காட்டி மறுக்கிறார்கள். பண்பாடு மாறும்போது நற்செய்திப் பணி எதுவரை வளைந்து கொடுக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வசனங்களை எதிரெதிரே நிறுத்துவதற்கு முன், பவுல் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துவிடலாம். புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவர்களிலிருந்து, விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு, ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கான விருத்தசேதனம் தேவையில்லை என்று எருசலேமில் தீர்மானமானதை அப்போஸ்தலர் நடபடிகளின் 15ஆம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே, அந்தத் தீர்மானத்தை ஊர் ஊராக எடுத்துச் செல்லும் பவுல், அவ்விடங்களிலிருந்த யூதர்களின் பொருட்டு, தம் உடனூழியராகச் சேர்த்துக்கொண்ட தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்விக்கிறார். ஆனால் இன்னோர் உடனூழியரான கிரேக்கர் தீத்துவின் விஷயத்தில், தம்மை நெருக்கியவர்களுக்கு ஒரு நாழிகையேனும் இணங்கவில்லை என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். சடங்கு ஒன்றுதான். தீமோத்தேயுவிடம் அது பிறரை நெருங்கும் வழி. தீத்துவிடமோ விசுவாசத்தின்மேல் ஏற்றப்பட்ட நிபந்தனை. எனக்கு அளவுகோல் இந்த வேறுபாடுதான்.

இதைத் தவறவிட்டதற்குக் கொடுத்த விலையைச் சீனாவில் காணலாம். 1582இல் மக்காவு வந்து சேர்ந்த இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி, முன்னோருக்கும் கன்பூசியஸுக்கும் சீனர்கள் செலுத்தும் மரியாதையை உருவ வழிபாடாகக் கருதவில்லை. அவை மரியாதைச் சடங்குகளே என்று 1700இல் பேரரசர் காங்ஷியே உறுதியளித்தும், 1704இல் ரோமிலிருந்த கத்தோலிக்கத் தலைமை அவற்றைத் தடைசெய்தது. 1742இல் விவாதத்தையே மூடியது. 1939இல்தான் தடையைப் பெருமளவு தளர்த்தியது. (தடை விதித்தவர்களில் எத்தனை பேருக்குச் சீன மொழி தெரிந்திருக்கும்?) இடைப்பட்ட காலத்தில், தந்தையின் நினைவுப் பலகைமுன் தலைவணங்க அனுமதியின்றி வாழ்ந்து மடிந்தவர்களுக்கு அந்தத் தளர்வு எதைத் திருப்பித் தரும்?

அதற்காக, காலத்தோடு போவதெல்லாம் நற்செய்திப் பணி ஆகிவிடாது. 1933இல் ஜெர்மனியில் நாஜி ஆட்சியின் போக்குக்குச் சபையை இசைவிக்க முனைந்தவர்கள், ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் யூத வம்சாவளியினர் போதகராக இருக்கலாகாது என்ற விதியை உள்ளே கொண்டுவந்தார்கள். தீத்துவிடம் கேட்கப்பட்டதைவிடக் கொடிய நிபந்தனை அது. அவர்களை எதிர்த்து 1934 மே மாதம் ஜெர்மன் சபையினர் வெளியிட்ட பார்மன் அறிக்கையும் யூதர்களைப் பற்றி மௌனம் காத்தது. அதைப் பெரும்பாலும் வரைந்த இறையியலாளர் கார்ல் பார்ட், பின்னாளில் அந்த மௌனத்தைத் தம் குற்றமாகவே ஒப்புக்கொண்டார்.

உங்கள் சபையின் சச்சரவு இவ்வளவு பெரியதல்ல. ஆராதனை எந்த முறையில் நடந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. 'எல்லாருக்கும் எல்லாமானேன்' என்பவர் தாம் மாறியதைச் சொல்கிறாரே தவிர, பிறர் தமக்காக மாற வேண்டும் என்று கேட்கவில்லை. இளைஞர்கள் அதை மூத்தவர்களை நோக்கி நீட்டுவது எனக்கு விநோதமாகப் படுகிறது. மூத்தவர்கள் காட்டும் வசனத்துக்கு அடுத்த வசனமோ, எவனும் தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணக் கூடாது என்கிறது. அதுவரை அவர்கள் வாசித்தார்களா என்பதை நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.