நரம்புக்குள் ஓடும் மின்சாரம்: கேள்வி பதில்

கேள்வி: நரம்பும் மின்கம்பி மாதிரிதானே சார்? உள்ளே எலக்ட்ரான்தான் ஓடுகிறதா?

பதில்: இல்லைங்க. கம்பியை முதலில் மறந்துவிடுங்கள். இங்கே ஓடுவது அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், அதுவும் நீளவாக்கில் அல்ல, செல்லின் சவ்வைக் குறுக்கே கடந்து. வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சும்மா இருக்கும்போது உட்புறம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட். தூண்டுதலால் அது மைனஸ் 55-ஐ ஒட்டி வந்தால் போதும், சோடியம் கதவுகள் திறந்துகொள்ளும். சோடியம் உள்ளே பாய, பிளஸ் 30 வரை ஏறும். பிறகு அந்தக் கதவுகள் அடைபட, பொட்டாசியம் வெளியேறி இறக்கிவிடும். எல்லாம் ஓரிரு மில்லிசெகண்டில். அதற்குள் பக்கத்துக் கதவுகள் திறந்திருக்கும். திரியில் நெருப்பு நகர்வதுபோல ஒவ்வொரு இடமும் தானே பற்றுவதால், எவ்வளவு தூரம் போனாலும் துடிப்பு மங்காது.

கேள்வி: இப்படியே வந்தால் உள்ளே சோடியம் நிரம்பிவிடாதா?

பதில்: ஒரு துடிப்பில் நுழைவது மிகச் சொற்பம். அதையும் சவ்விலுள்ள பம்பு, 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, சரிசெய்துகொண்டே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சோதனை எனக்கு இன்றும் வியப்பு. கணவாயின் தடித்த நரம்பிழையிலிருந்து உள்சதையைப் பற்பசைபோல் பிதுக்கி எடுத்துவிட்டு, பொட்டாசியம் உப்புக் கரைசலை நிரப்பினார்கள். வெறும் உறை! அது துடித்தது.

கேள்வி: பலமாக அழுத்தினால் துடிப்பு பெரிதாகுமா?

பதில்: ஆகாது. அடிக்கடி வரும், அவ்வளவுதான்.

கேள்வி: கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுளீர் என்கிறது, எரிச்சல் தாமதமாக வருகிறதே, ஏன்?

பதில்: இரண்டும் வேறு வேறு இழைகளில் வருகின்றன. சுளீரைக் கொண்டுவருவதற்கு மையலின் என்னும் மெல்லிய கொழுப்பு உறை உண்டு. அதனால் துடிப்பு உறையின் இடைவெளிக்கு இடைவெளி தாவி, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் போகும். எரிச்சலின் இழைக்கு உறை கிடையாது, நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர்தான். விரலிலிருந்து தண்டுவடம் ஏறக்குறைய அவ்வளவு தூரம். அடுத்த முறை இடித்தால் கவனியுங்கள், அந்த ஒரு நொடி தெரியும்.

கேள்வி: பல் டாக்டர் போடும் மரப்பு ஊசி என்ன செய்கிறது மேடம்? போன தடவை எனக்குச் சரியாக மரக்கவே இல்லை.

பதில்: நான் மேடம் இல்லை, சார்தான், பரவாயில்லை. ஊசியிலுள்ள லிடோகெயின் என்ற மரப்பு மருந்து சவ்வைத் தாண்டி உள்ளே போய், சோடியம் கதவை உட்பக்கமிருந்து அடைக்கிறது. துடிப்பு கிளம்பாது. சீழ் பிடித்த இடத்தில் அமிலம் கூடியிருக்கும். அங்கே மருந்து மின்னேற்றம் பெற்றுவிடுவதால் சவ்வைத் தாண்டுவது குறையும். உங்களுக்கு அப்போது வீக்கம் இருந்ததா?