நான்கு எண்களில் தொடங்குங்கள்

கேள்வி: ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொருளியலும் அனைத்துலக வணிகமும் நடத்துகிறேன். ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் குறைந்த செலவில் ஆவதைச் செய்து விற்று, மற்றதை வாங்கினால் இரு நாடுகளுக்கும் லாபம் என்கிற ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டின் விளக்கத்தை அப்படியே ஒப்பிக்கிறார்கள். கணக்கு கொடுத்தால் விழிக்கிறார்கள். பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். எப்படிப் புரிய வைப்பது?
– ஒரு விரிவுரையாளர், சுங்கை சிப்புட்

பதில்: விளக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அம்மா. முதல் வகுப்புக்குப் பலகையில் நான்கு எண்கள் போதும். 1817-இல் பிரிட்டிஷ் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ கொடுத்தவைதான். குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேர் ஓராண்டு உழைக்க வேண்டும், திராட்சை மதுவுக்கு 120 பேர். போர்த்துகலில் துணிக்கு 90, மதுவுக்கு 80. இப்போது யார் எதைச் செய்யலாம் என்று கேளுங்கள். “ரெண்டையும் போர்த்துகலே செய்யட்டும் டீச்சர்” என்பார்கள். உடனே திருத்தாதீர்கள். துணியைக் கொடுத்து மதுவை வாங்கினால் இங்கிலாந்துக்கு 20 பேரின் உழைப்பு மிச்சம். மதுவைக் கொடுத்துத் துணியை வாங்கினால் போர்த்துகலுக்கு 10 பேரின் உழைப்பு மிச்சம். இதை அவர்களே கழித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்லிவிட்டால் அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அடுத்த வகுப்புதான் எனக்கு முக்கியம். துணி நெய்தவர் மறுநாளே திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குப் போய்விடுவார் என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. என் அம்மா பால்மரம் (ரப்பர்) சீவியவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது, அதே நிலத்துக்கு அவ்வளவு ஆட்கள் தேவைப்படவில்லை. ஏற்றுமதிக் கணக்கில் அது நல்ல முடிவு. எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஊரைவிட்டுப் போக வீடு வீடாகச் சாமான் கட்டினார்கள். இரண்டுமே உண்மை, இரண்டையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தாத்தா பாட்டியிடம் அதைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் வகுப்பில் வாய் திறப்பார்கள்.

அனைத்துலக வணிகத்துக்கும் தூரம் போக வேண்டாம். 1877-இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த பிரேசில் ரப்பர்க் கன்றுகளில் 9 நடப்பட்டது பக்கத்துக் கோலகங்சாரில்தான். அப்புறம் 1981 செப்டம்பர் 7: இங்கே தோட்டங்கள் வைத்திருந்த பிரிட்டிஷ் நிறுவனமான கத்ரியின் பங்குகளை லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் வாங்கி, அதன் கட்டுப்பாட்டை மலேசியா கைப்பற்றியது. தோட்டம் இங்கே, முதலாளி அங்கே என்றால் லாபம் எந்த வழியாகப் போகிறது, உரிமை மாறினால் எது மாறுகிறது, எது மாறாது என்று விவாதிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முழு வகுப்பையும் இதற்கே ஒதுக்குங்கள்.

தேர்வுத்தாளில் ‘விளக்குக’ என்று கேட்காதீர்கள். நான்கு எண்களைக் கொடுத்து, யார் எதை விற்பார், அதனால் யாருக்கு வேலை போகும் என்று எழுதச் சொல்லுங்கள். எண்களை மட்டும் ஒவ்வொரு ஆண்டும் மாற்றிவிடுங்கள்.