முன்பணம் இருந்தால் மட்டும் தனிக்குடித்தனம் போகலாமா?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அலுவலகத்துக்கு அருகிலேயே வாடகை வீடு எடுத்து முதன்முறையாகத் தனியே வசிக்க விரும்புகிறேன். வாடகை என் சம்பளத்தில் 30 சதவீதம்தான் வருகிறது. சேமிப்பில் இருப்பது முன்பணத்துக்குச் சரியாக இருக்கும். பெற்றோருக்கு மாதந்தோறும் கொடுக்கும் தொகையை நிறுத்த மனமில்லை. இப்போதே போகலாமா?

பதில்: மூன்று மாதம் பொறுத்துப் போங்கள். சம்பளம் போதாது என்று நான் சொல்லவில்லை. முன்பணத்தோடு சேமிப்பு தீர்ந்துவிடும் என்று நீங்களே எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. முன்பணம் திரும்பி வரக்கூடிய பணம்தான் என்றாலும், வீட்டைக் காலி செய்யும்வரை அது உங்கள் அவசரத்துக்கு உதவாது.

குடியேறும் செலவையும் குடியிருக்கும் செலவையும் தனித்தனியாக எழுதுங்கள். முன்பணம், முதல் மாத வாடகை, தரகு, வண்டிக்கூலி ஆகியவற்றை எல்லோரும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். விட்டுப்போவது சில்லறைச் சாமான்கள்தான். குடிபோன அன்று இரவு குளியலறையில் வாளி இருக்காது. ஓர் அறையில் பல்பு இருக்காது. ஜன்னலுக்குத் திரை இருக்காது. கைபேசியைச் சார்ஜ் போடப் போனால் பிளக் பாயின்ட் படுக்கைக்கு எட்டாத மூலையில் இருக்கும். துடைப்பம், பூட்டு, கத்தி, குப்பைத்தொட்டி என்று ஒவ்வொன்றாக வாங்கும்போது தொகை தெரியாது. முதல் வாரம் முடிந்து கூட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். ஆகவே ஒரு விடுமுறை நாளில், காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை உங்கள் கை படும் பொருள்களையெல்லாம் குறித்துக்கொண்டு, வீட்டிலிருந்து எடுத்துச் செல்லக்கூடியவை எவை, உடனே வாங்க வேண்டியவை எவை, சில மாதம் இல்லாமல் சமாளிக்கக்கூடியவை எவை என்று பிரித்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் 30 சதவீதம் எந்தச் சம்பளத்தில் என்பதையும் பாருங்கள். பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம் 100 என்றும் கையில் வருவது 80 என்றும் வைத்துக்கொண்டால், அதே 30 உண்மையில் 37.5 சதவீதம் ஆகிவிடுகிறது. வாடகையோடு பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணையம், சாப்பாடு ஆகியவை மாதந்தோறும் வரும். காப்பீட்டுத் தவணை போல ஆண்டுக்கு ஒருமுறை வருவதை 12-ஆல் வகுத்து மாதக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். பெற்றோருக்குக் கொடுப்பதை மிச்சத்திலிருந்து கொடுக்கலாம் என்று விட்டுவிடாமல், கையில் வரும் சம்பளத்திலிருந்து முதலில் கழித்துவிட்டு, மீதியில்தான் மற்றவற்றைத் திட்டமிட வேண்டும். அலுவலகம் பக்கத்தில் இருப்பதால் பயணச் செலவு குறையும். அதையும் மறக்காமல் வரவில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குகளைவிட நான் பெரிதும் நம்புவது ஒத்திகையைத்தான். அடுத்த மூன்று மாதங்களும் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டே, சம்பளம் வந்த அன்றே வாடகையையும் மற்ற மாதச் செலவுகளையும் வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மிஞ்சுவதில் மட்டும் மாதத்தை ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது வாரத்திலேயே அந்தக் கணக்கில் கைவைக்க நேர்ந்தால், வாடகை குறைவான வீட்டைத் தேட வேண்டும் அல்லது வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தெரிந்துவிடும். சமாளித்துவிட்டால், மூன்று மாதச் செலவுக்கான தொகை கையில் சேர்ந்திருக்கும். முதல் மாத வாடகைக்கும் சாமான்களுக்கும் அதிலிருந்து எடுத்தது போக எஞ்சியதை வேலையிழப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்கென்று தனியே வையுங்கள். எடுத்ததையும் மாதந்தோறும் சிறிது சிறிதாகத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். முன்பணத்துக்காகக் கிரெடிட் கார்டில் கடன் வாங்க வேண்டாம். வட்டி ஒரு புதிய மாதச் செலவாக வந்து உட்கார்ந்துவிடும்.

முன்பணம் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு தர வேண்டும், முன்பணத்தில் எவற்றைப் பிடிப்பார்கள், வாடகை எப்போது எவ்வளவு உயரும் என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளிலேயே, சாமான்களை இறக்கும் முன், சுவர், குழாய், கதவு ஆகியவற்றையும் மின் மீட்டரில் உள்ள எண்ணையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.