நீள நோட்டை யார் கேட்டார்கள்?

வாடிக்கையாளருக்கு மென்பொருளில் என்ன வேண்டும் என்று கேட்டறிந்து, அதைச் செய்பவர்களுக்கு எழுதித் தருவது பிசினஸ் அனலிஸ்ட் வேலை. அது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 19 ஆண்டுகளாக அந்த வேலையில் இருப்பவர் பதில் அளிக்கிறார்.

பி.காம். முடித்து, ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக ஜி.எஸ்.டி. தாக்கல் செய்துவருகிறேன். புரோகிராம் எழுதத் தெரியாது. நான் பிசினஸ் அனலிஸ்ட் ஆக முடியுமா, அம்மா?
*– வாசகர், சேலம்*

நானும் பி.காம்.தான், தம்பி. மாதாமாதம், விற்றவர்கள் காட்டிய பில்களைப் பட்டியலிடும் ஜி.எஸ்.டி. 2பி அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு, வாங்கிய பில்களோடு ஒப்பிட்டு, எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று விற்றவருக்கு போன் போட்டுக் கேட்கிறீர்கள் அல்லவா? இந்த வேலையில் பாதி அதுதான். பெயர் மட்டும் பெரிதாக வைத்திருக்கிறார்கள்.

புரோகிராம் வேண்டாம், ஆனால் கணினியில் சேர்ந்த தரவுகளைத் தேடி எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல். கற்றுக்கொள்ளுங்கள். செலக்ட், ஜாயின், குரூப் பை என்ற அதன் கட்டளைகள் மூன்றும் கைக்குப் பழகினால் முதல் இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிடலாம். “எங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் சரியான ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது” என்று மேலாளர் மேசையைத் தட்டிச் சொல்வார். நீங்களே தேடிப் பார்த்தால் 15 எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 14 இருக்கும். ஈரோட்டு முகவரிக்குத் தமிழ்நாட்டின் 33 என்று தொடங்காமல் கேரளத்தின் 32 இருக்கும். அடுத்த கூட்டத்தில் அந்தத் தவறான வரிகளைக் காட்டினால் போதும், உங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

நேராக இந்தப் பதவிக்கே விண்ணப்பித்துக் காத்திருக்காதீர்கள். கணக்கு, பில்லிங் மென்பொருள் செய்யும் நிறுவனங்களில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு இருக்கும். அங்கே நுழையுங்கள். திட்டு வாங்குகிற இடம் அது. கற்றுக்கொள்ளவும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

நான்கு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். வாடிக்கையாளர் சொல்வதை எழுதி டெவலப்பர்களிடம் கொடுக்கிறேன். அவர்கள் கேட்பதை இவர்களிடம் கொண்டுபோகிறேன். தபால்காரர் போல உணர்கிறேன். எப்படி வளர்வது?
*– வாசகி, சென்னை*

தபால்காரரைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அவருக்கு வீடுகளாவது தெரியும்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2019-இல் நாமக்கல் பக்கம் ஒரு லாரி நிறுவனத்துக்கு மென்பொருள் செய்தோம். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால், அரசுத் தளத்தில் பதிந்து எடுக்கும் இ-வே பில் என்ற மின்-சீட்டு வேண்டும் என்ற விதி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மேலாளருடைய ஏ.சி. அறையில் நான்கு கூட்டங்கள். 64 பக்கத்தில் ஆவணம் எழுதினேன். அட்டைக்கு வண்ணப்படம்கூட உண்டு. அதில் ஒரு வரி: ‘ஒரு லோடுக்கு ஒரு லாரி.’ மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

மென்பொருள் ஓடத் தொடங்கிய மூன்றாம் இரவு, தொப்பூர் கணவாயில் ஒரு லாரிக்கு அச்சு முறிந்தது. சரக்கை வேறு லாரியில் மாற்றினார்கள். அரசுத் தளத்தில் இ-வே பில்லின் ‘பி’ பகுதியில் புது வண்டி எண்ணைச் சேர்க்க வழி இருக்கிறது. எங்கள் மென்பொருளில் இல்லை. ஒருமுறை சேமித்தால் அந்தக் கட்டம் பூட்டிக்கொள்ளும், நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். வாடகை முழுவதும் முறிந்த லாரியின் சொந்தக்காரர் கணக்கில் ஏறியது. சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் காலையில் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

பஸ் பிடித்துப் போனேன். புக்கிங் மேசையில் இருந்த பெரியவர் ஒருவர், ரப்பர் பேண்ட் சுற்றிய நீள நோட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். கடைசிப் பத்தியில் சிவப்பு மையில் ‘மா.வ.’ என்று போட்டு ஒரு வண்டி எண். மாற்று வண்டியாம். எண்ணிப் பார்த்தேன், அந்த ஓராண்டில் மட்டும் 41 இடத்தில் இருந்தது. “ஐயா, இதை முன்பே சொல்லியிருக்கலாமே” என்றேன். “நீங்கள் மாடிக்கே போய்விட்டு வந்துவிட்டீர்கள், அம்மா. நோட்டை யார் கேட்டார்கள்?” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் என் முதல் கேள்வி, “கணினியில் ஏறாத எதையெல்லாம் வேறு எங்கே எழுதிவைக்கிறீர்கள்?” என்பதுதான். நோட்டாக இருக்கும், ஒருவர் மட்டும் வைத்திருக்கும் எக்செல் கோப்பாக இருக்கும், திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டாக இருக்கும், வாட்ஸ்அப் குழுவாகவும் இருக்கும். நீங்களும் அடுத்த முறை அதைக் கேளுங்கள். மேலாளரிடம் கேட்காதீர்கள், மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். கேட்டதைப் பத்திபத்தியாக எழுதாமல், ஒரே தாளில் படமாக வரைந்து காட்டுங்கள். 64 பக்கத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார்கள். தப்பாகப் போட்ட ஓர் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு மட்டும் யாராலும் சும்மா இருக்க முடியாது.

அந்த 64 பக்கத்தில் நான் இன்றும் பெருமைப்படுகிற வரி ஒன்று உண்டு. இ-வே பில் அப்போது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். அந்த 100-ஐப் புரோகிராமுக்குள் புதைக்காமல், அலுவலகத்திலேயே மாற்றிக்கொள்ளும்படி வைக்கச் சொல்லியிருந்தேன். 2021 ஜனவரி 1-இல் அரசு அதை 200 ஆக்கியபோது அந்தப் பெரியவரே மாற்றிக்கொண்டார், எனக்கு போன்கூட வரவில்லை.

சி.பி.ஏ.பி. சான்றிதழ் 45 நாளில் வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி நிலையம் சொல்கிறது. எனக்கு அனுபவம் ஒன்றரை ஆண்டு. சேரலாமா?
*– வாசகர், கோவை*

சேராதீர்கள். 2003-இல் கனடாவில் தொடங்கிய ஐ.ஐ.பி.ஏ. என்ற அமைப்பு தரும் சான்றிதழ் அது. தேர்வு எழுதவே, கடந்த பத்து ஆண்டுகளுக்குள் இந்த வேலையில் 7,500 மணி நேரம் செய்திருக்க வேண்டும். நாளுக்கு எட்டு மணி, ஆண்டுக்கு 250 நாள் என்று போட்டாலும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வருகிறது. அதுவும் வேறு வேலை எதுவும் கலக்காமல். அதற்கு முந்தைய படியான சி.சி.பி.ஏ.வுக்கே 3,750 மணி. ஒன்றரை ஆண்டு எந்தக் கணக்கில் எட்டும்? நிலையத்தார் கூட்டல் தெரியாதவர்கள் அல்ல.

அவர்களுடைய ‘பாபோக்’ கையேட்டின் மூன்றாம் பதிப்பைப் (2015) படிக்கலாம். வறட்சியான நூல்தான். ஆனாலும் நாம் தட்டுத்தடுமாறிச் செய்கிற வேலைகளுக்குப் பெயர் கிடைக்கும். சம்பளம்? பெரிய நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது உதவுகிறது. இருக்கும் இடத்தில் யாரும் அதைப் பார்த்து உயர்த்தி நான் கண்டதில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும்போது ஆங்கிலம் திக்குகிறது. தமிழ் வழியில் படித்தவள். கூட்டம் என்றாலே வயிற்றைப் பிசைகிறது.
*– வாசகி, மதுரை*

திக்கட்டும். திக்கியதால் கெட்டுப்போன திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. புரியாமலேயே ‘யெஸ்’ என்று தலையாட்டியதால் மூன்று வார வேலை குப்பைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். தலையாட்டியவர் கான்வென்டில் படித்தவர். பேச்சைக் குறைத்து, வரைந்த படத்தைத் திரையில் காட்டி, “இந்த இடம் சரியா?” என்று கேளுங்கள். கூட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், அவர்கள் சொன்னதை ஐந்தாறு சின்ன வாக்கியங்களில் எழுதி அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதத்தில் அவர்களே உங்கள் மின்னஞ்சலுக்காகக் காத்திருப்பார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்தால் நம் வேலை போய்விடுமா?
*– வாசகர், ஓசூர்*

அந்த லாரி வேலையை அதனிடம் விவரித்து, என்னென்ன கேட்க வேண்டும் என்று சோதித்துப் பார்த்தேன். வழியில் வண்டி பழுதானால் என்ன செய்வது என்று அதுவாகவே கேட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சரக்கைச் சின்ன வேன் இரண்டில் பிரித்து அனுப்பினால் சுமைகூலி யார் தலையில் விழும் என்று அது கேட்கவில்லை. அதற்கான பதில் பெரியவருடைய நோட்டில் 17-ஆம் பக்கத்தில் இருந்தது. கூட்டக் குறிப்பு எழுதுவது மட்டுமே உங்கள் வேலையென்றால் பயம் நியாயம்தான்.

பெண் பார்க்கப் போன இடத்தில் என் வேலை என்னவென்று கேட்டார்கள். எனக்கே சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?
*– வாசகர், தஞ்சாவூர்*

‘பி.ஏ.’ என்று மட்டும் சுருக்கிச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் அத்தை, நான் ஏதோ அமைச்சருக்கு பி.ஏ. என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்து, இரண்டு பேர் இடமாற்ற மனுவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மனுவை வாங்கிப் படித்து, எதற்கு மாற்றம், யாரைப் பார்க்க வேண்டும், என்ன சான்று இணைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொடுத்து அனுப்பினேன். பெண் வீட்டாரிடம் அதையே சொல்லுங்கள்.